அப்பா என்ன செய்கிறார்?

எட்டாம் வகுப்பில் ஒருநாள் ‘லைவ்லிஹுட்’ என்ற சொல் வந்தது. வழக்கம்போலக் கரும்பலகையில் எழுதி, ‘பிழைப்பு, வாழ்வாதாரம்’ என்று பொருள் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். நோட்டுகளைத் திருத்தும்போது பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்: மீனவர்கள் மீன்பிடித்துப் பிழைக்கிறார்கள். உரைநூல் உபயம். எங்கள் பள்ளி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. கடலைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

மீதி நோட்டுகள்தாம் என்னை யோசிக்க வைத்தன. ‘மை ஃபாதர்ஸ் லைவ்லிஹுட் இஸ் கூலி’ என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள்.

அந்தச் சொல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டியதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் நாம் எழுதுவது அதுதானே. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் பணம், உழைக்கிறவர் கூலியாள். ஆங்கிலத்துக்குப் போனதும் அது ஆளுக்கே பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸ், நேட்டால், ஃபிஜி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்திகூட ‘கூலி பாரிஸ்டர்’தான். இன்றைய ஆங்கில அகராதிகள் அதை இழிசொல் என்று குறிக்கின்றன. தன் அப்பாவை அப்படி எழுதுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் பல வருடங்களாக டிக் போட்டிருக்கிறேன்.

மறுநாள் சொல்லை விட்டுவிட்டு வினையைப் பிடித்தோம். “உங்க அப்பா என்ன வேலை?” என்று கேட்காமல், “காலையில போனா கையால என்ன செய்வார்?” என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு நிற்கவில்லை. சத்திரப்பட்டிப் பக்கத்துப் பையன், அப்பா பேண்டேஜ் துணித் தறியில் இழை அறுந்தால் முடிபோடுவார் என்றான். ஒருத்தியின் அம்மா வீட்டில் உட்கார்ந்தே பேண்டேஜைச் சுருட்டுகிறார்; முந்தின நாள் அவள் எழுதியிருந்தது, ‘அம்மா சும்மா இருக்கிறார்’. பால்கோவா அடுப்பில் நிற்கிற பெரியப்பா, மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற அக்கா, தோப்பில் மாங்காய் பறிக்கிற தாத்தா. கரும்பலகை நிறைந்தது: வீவ், ஸ்பின், ரோல், ஸ்டர், ப்ளக், கேரி.

இலக்கணம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. தமிழில் “அப்பாவுக்கு என்ன வேலை?” என்றால் “டிரைவர்” என்று ஆளைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஹிஸ் லைவ்லிஹுட் இஸ் டிரைவர்’ நிற்காது. பிழைப்பு ஓர் ஆள் அல்ல. ‘பை’ போட்டு, பின்னால் ‘இங்’ சேர்த்த வினை வைக்க வேண்டும்: ‘ஷி ஏர்ன்ஸ் ஹர் லைவ்லிஹுட் பை ரோலிங் பேண்டேஜஸ்’. இந்த ஒரு சட்டத்தில் ஊர்ப் பிழைப்பு அத்தனையும் அடங்கும். தொழிலுக்கு ஆங்கிலப் பெயர் தெரியவேண்டும் என்பதில்லை, வினை தெரிந்தால் போதும். தினமும் செய்வதைச் சொல்கிறோம், அதனால் ‘இஸ் ஏர்னிங்’ வேண்டாம், ‘ஏர்ன்ஸ்’ போதும். நம் பிள்ளைகளுக்கு ‘சம்பாதிக்கிறார்’ என்றதும் ‘இஸ்’ தானாக வந்துவிடும். இதற்கு மட்டும் இரண்டு நாள் போனது.

‘லைவ்லிஹுட்’ முன்னால் ‘ஹிஸ், ஹர், தேர்’ என்று உரியவரைச் சொல்வோம். ‘லிவிங்’ என்றால் ‘எ’ வேண்டும்: ‘ஏர்ன் எ லிவிங்’, ‘மேக் எ லிவிங்’. எதை நம்பிப் பிழைக்கிறார் என்பதற்கு ‘டிபெண்ட்ஸ் ஆன்’; அந்த ‘ஆன்’ பாதி நோட்டுகளில் காணாமல் போகும்.

“சைல்டுஹுட் மாதிரியா சார்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பார்க்க அப்படித்தான் இருக்கிறது, ஆனால் உறவு இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது ‘லைஃப்’ என்பதோடு ‘வழி, போக்கு’ என்ற பொருளுள்ள ஒரு சொல் சேர்ந்தது. நாளாவட்டத்தில் அந்தப் பின்பாதி மறந்துபோய், பழகிய ‘ஹுட்’ வந்து ஒட்டிக்கொண்டது. ‘லைவ்லி’யோடு குழப்பிக்கொண்டு ‘சுறுசுறுப்பு’ என்று எழுதுகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம். “பிழைப்பு எப்படிப் போகுது?” என்று நாமும் வழியில் போகிற ஒன்றைப் போலத்தானே கேட்கிறோம்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு ஆண், பெண் இருவருக்கும் போதிய பிழைப்பு வழி வேண்டும் என்று சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘லைவ்லிஹுட்’ இருக்கிறது. ஆண்டாள் கோயில் பக்கம் தட்டில் பூ வைத்து விற்கிறவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்றபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு தவறும் செய்தேன். உற்சாகத்தில் எல்லாரையும் எழுந்து வாசிக்கச் சொல்லிவிட்டேன். மூன்றாவது பெஞ்சுப் பையன் எழுந்தான், வாசிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் லைவ்லிஹுட்’. ஒரு பிழை இல்லை. தறிக்கூடத்தை மூடி மூன்று மாதமாம், பிறகு தெரிந்தது. டிக் போட்டு நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன். அன்றிலிருந்து யாரையும் வீட்டைப் பற்றி வாசிக்கச் சொல்வதில்லை. “உன் தெருவில் பார்த்த ஒருவர்” என்று மாற்றிவிட்டேன். வீட்டைப் பற்றி எழுத நினைப்பவர் எழுதலாம், அது என் பார்வைக்கு மட்டும்.

தெருவிலிருந்து வந்த வாக்கியங்களில் ஒன்றுக்கு ஒரு பீரியடே போய்விட்டது. பூக்கட்டுகிற அத்தையைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு, அகராதி பார்த்து ‘ஸ்ட்ரிங்’ என்று சொன்னேன். அவள் ஒப்பவில்லை. “அது ஊசில கோக்குறது சார். எங்க அத்தை வாழைநார்ல கட்டுவாங்க.” பெரியாழ்வாரின் நந்தவனம் இருந்த ஊர், பூ விஷயத்தில் என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ‘டை’ சரியா, ‘மேக்’ போதுமா என்று வகுப்பே பேசிக் கடைசியில் ‘பை டையிங் ஃப்ளவர்ஸ்’ என்று முடிவானது. எழுதும்போது சாகிறதற்கான ‘டையிங்’ ஆகிவிடக் கூடாது, முதலில் ‘t’ எழுத்து வேண்டும் என்று எச்சரித்தேன். அப்படியும் இரண்டு பேர் சாகடித்திருந்தார்கள்.