கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம்: ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கலாமா?



ஏழாம் மாதம், எட்டாம் மாதம் வழக்கம்போல் கிளினிக்குக்குப் போகிறீர்கள். பசி நன்றாக இருக்கிறது, பிள்ளையும் வயிற்றில் உதைக்கிறது. மிஸி ரத்த அழுத்தம் பார்க்கிறார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்க்கிறார். சிறுநீரையும் சோதிக்கிறார். பிறகு, "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்கிறார். பகீரென்று இருக்கும். "எனக்கு ஒண்ணும் செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்!" என்றுதான் யாருக்கும் வாயில் வரும்.

இந்த நோயின் பொல்லாத்தனமே அதுதான். நோவு காட்டாமல் ஏறும். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அதை 'பிரி-எக்லாம்சியா' என்கிறார்கள். நஞ்சுக்கொடி சரியாகப் பதியாததில் இது பெரும்பாலும் தொடங்குகிறது. சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாவற்றையும் தாக்கும். பிள்ளைக்கும் ஊட்டம் குறையும். முற்றினால் ஜன்னி வரும், உயிருக்கே ஆபத்து. தலைப்பிள்ளைக்காரிக்கும், இரட்டைப் பிள்ளை சுமப்பவளுக்கும், சர்க்கரை உள்ளவளுக்கும், தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ வந்திருந்தாலும் இது வர வாய்ப்பு அதிகம். கிரகணத்தில் வெளியே வந்ததாலும் அல்ல, யார் கண் பட்டதாலும் அல்ல. ஆகவே மாமியார்மார் மருமகளைக் குறை சொல்ல வேண்டாம்.

"உப்பைக் குறை, பார்லித் தண்ணி குடி, நீர் வடிஞ்சிடும்" என்று லயத்தில் பத்து பேர் சொல்வார்கள். பார்லித் தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அதனால் இந்த அழுத்தம் இறங்காது. மாமியாருடைய பிரஷர் மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது அதைவிட மோசம். அவற்றில் சில வகை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

கால் மட்டும் வீங்குவது மாசமாக இருப்பவர்களுக்குச் சகஜம். முகமும் கையும் திடீரென்று உப்பி, மோதிரம் கழலாமல் போனால் கவனியுங்கள். பனடோல் போட்டும் விடாத தலைவலி, கண் முன்னே மின்னுவது, பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். விலா வலியைக் காற்று என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் கொண்டு படுப்பவர்கள் உண்டு. நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று கிராணியிடமோ கார் உள்ள பக்கத்து வீட்டாரிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். 999-ஐயும் அழைக்கலாம்.

ஜன்னி கண்டால் பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேடாதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதாலும் நிற்காது. வாயில் எதையும் திணிக்காமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டு, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? அழுத்தத்தை இறக்க மருந்து தருவார்கள். நிலைமை கடுமையானால் மக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள். 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து ஜன்னி வருவதைப் பாதிக்கும் மேல் குறைத்தது தெரிந்தது. ஆனாலும் நோய் தீர ஒரே வழி பிரசவம்தான். அதனால் நாள் நிறையுமுன்பே பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லலாம். அப்போது நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

"படுத்துட்டா சம்பளம் போயிடுமே" என்ற பயம் எனக்கும் புரிகிறது. மேற்கு மலேசியாவின் வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கினால் வருஷத்துக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டாக்டர் சான்றிதழை வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் போகட்டும். அது புருஷன்மார் பொறுப்பு. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பும் 98 நாள்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பச்சை உடம்பிலும் ஜன்னி வரலாம். பத்தியத்தில் இருக்கும்போது தலைவலி வந்தால் "பனி பட்டிருக்கும்" என்று விடாமல் அழுத்தத்தைப் பாருங்கள். மறுபடி பிள்ளை தங்கினால் மூன்று மாதம் முடியுமுன்பே மிஸியிடம் பழைய கர்ப்பப் புத்தகத்தைக் காட்டுங்கள். 16 வாரத்துக்குள் டாக்டர் தினம் சிறிதளவு ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினால், இது திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது. அதையும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் சொல்லும் அளவுதான்.