வீடு வாங்குமுன் அவ்வீட்டுப் பெண்மக்களைத் தேடுங்கள்

வீடு ஒன்று விலைக்கு வருகிறது. தெரு பிடித்திருக்கிறது, பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கிணற்று நீர் இனிக்கிறது. விற்பவர் ஐவேளைத் தொழுகையாளி, அறிந்த குடும்பத்தவர். தரகர் பையைத் திறந்து மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, முப்பதாண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். வில்லங்கம் ஏதுமில்லை என்று சான்று கூறுகிறது. முன்பணம் கொடுக்க உங்கள் கை நீளுகிறது.

சற்றுப் பொறுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். அது விற்பவரின் தந்தை பெயரில் இருந்து, அத்தந்தையும் இறந்து போயிருந்தால், நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. "மர்ஹூம் அவர்களுக்குப் பெண்மக்கள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே இருக்கின்றனர்?" என்பதே அக்கேள்வி.

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறிய பத்திரங்களின் பட்டியல், அவ்வளவே. அடமானம் எழுதிப் பதிந்திருந்தால் அதில் வரும். விற்றுப் பதிந்திருந்தால் வரும். மரணம் அதில் வராது. மரணத்தால் உண்டான உரிமையும் வராது. பட்டாவோ வருவாய்த்துறையின் பதிவேடு. வரி யாரிடம் வாங்குவது என்பதற்காக ஏற்பட்டது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு உரிமை தெளிவாயிருக்கிறது என்று முடிவு கட்டுவோர் நம்மில் ஏராளம். பாகக் கணக்குக் கேட்டு எம்மிடம் வருவோருள்ளும் பெரும்பாலோர் வீடு கைமாறிய பின்னரே வருகின்றனர். அப்பொழுது விற்றவர் பணத்தைச் செலவழித்திருப்பார். வாங்கியவர் மாடி எழுப்பியிருப்பார். இருவருக்கும் நடுவே ஒரு சகோதரி வழக்கறிஞரின் அறிவிப்போடு நின்றிருப்பார்.

முஸ்லிம் ஒருவர் இறந்த அக்கணமே அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு உரிமையாளராகி விடுகின்றனர். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதுவே நிலை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இதை நம் நாட்டில் உறுதி செய்தது. அச்சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் ஒரு திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் அதன் வரம்புக்குள் கொணர்ந்தது. நம்மிடையே கூட்டுக் குடும்பச் சொத்து என்பதில்லை. குடும்பத் தலைவர் என்ற முறையில் மூத்த மகன் அனைவருக்காகவும் விற்கும் அதிகாரமும் இல்லை. அவர் தனித்து விற்றால் அவர் பங்கு மட்டுமே விலை போகும்.

கணக்கைப் பாருங்கள். 48 இலட்சம் பெறுமான வீட்டை விட்டு ஒருவர் வஃபாத்தாகிறார். பெற்றோர் முன்னரே இறந்து விட்டனர். மனைவி, இரு புதல்வர், இரு புதல்வியர் உள்ளனர். கடனும் வஸிய்யத்தும் இல்லையெனக் கொள்வோம். மனைவிக்கு எட்டிலொன்றாக 6 இலட்சம். எஞ்சிய 42 இலட்சத்தை ஆறு கூறாக்கினால் புதல்வர்க்குத் தலைக்கு 14 இலட்சம், புதல்வியர்க்குத் தலைக்கு 7 இலட்சம். புதல்வர் இருவரும் கையொப்பமிட்டுத் தந்த வீட்டை நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கினால், 28 இலட்சத்துக்கான உரிமையே உங்களை வந்தடைகிறது. மீதி 20 இலட்சம் தாயுடையதும் மகளிருடையதும் ஆகும். பத்திரம் பதிவாகி விட்டதே என்பீர்கள். தம்மிடம் இல்லாததை ஒருவர் விற்றால், பதிவு அதற்கு உயிர் கொடுப்பதில்லை.

"முப்பது வருடமாக அவர்கள் கேட்கவில்லையே" என்பது அடுத்த சமாதானம். பங்காளி ஒருவர் வீட்டில் குடியிருப்பது மற்றப் பங்காளிகளுக்காகவும் குடியிருப்பதாகவே சட்டம் கொள்ளும். அவர்களை வெளிப்படையாக விலக்கி, அவர்கள் அறிய 12 ஆண்டுகள் அனுபவித்ததை நிரூபித்தாலன்றி அவர்களுடைய உரிமை அழிவதில்லை. பெருநாளைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து பிரியாணி உண்டு போகும் தங்கையை எங்கே விலக்கினார் என்று காட்டுவது?

சீர் செய்தது பங்காகுமா?

நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகப் பேசப்படும் பேச்சு ஒன்றுண்டு. "ஐம்பது பவுன் போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்தோம்; இனி அவளுக்கு இங்கே என்ன பங்கு?" தந்தை உயிரோடிருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் இறந்த பின்னரே பிறக்கின்றது. பிறவாத உரிமையைக் கழித்து விட்டதாகக் கூறுவது கணக்காகாது. மகனைப் படிக்க வைத்ததையும், விசா எடுத்து வெளிநாடு அனுப்பியதையும் எவரும் அவன் பங்கில் கழிப்பதாகத் தெரியவில்லை.

தந்தை வாழும் காலத்தில் மகளிடம் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கி வைப்பதும் உண்டு. அவ்வெழுத்து தன்னளவில் செல்லாது. ஆனால் அதற்கென ஈடு பெற்றுக்கொண்டு, பிறரும் அதை நம்பி நடக்கும்படி செய்தவர் பின்னர் பங்கு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973-இலும், மீண்டும் 2011-இலும் தீர்ப்பளித்துள்ளது. ஈடு உண்மையில் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். வீடு வாங்க வந்த நீங்கள் அவ்வழக்கை ஏன் தோளில் சுமக்க வேண்டும்? தந்தை இறந்த பின் அச்சகோதரியே எழுதிப் பதிந்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராக ஒப்பமிட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ் போதாத இடம்

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இன்றியமையாதது. எனினும் அது ஆட்களின் பெயரைக் கூறுமேயன்றி அவரவர் பங்கைக் கூறாது. சில வேளைகளில் ஆட்களையே முழுமையாகக் கூறாது. இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, மக்களின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டதாக முறையிட்ட செய்தியை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வாரிசுரிமை வசனம் அருளப்பட்டதும் அண்ணலார் அச்சகோதரரை அழைத்து, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டும் தாய்க்கு எட்டிலொன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். 24 இலட்ச ரூபாய் வீடாயின் பெண்மக்களுக்கு 16, தாய்க்கு 3, சிறிய தந்தைக்கு 5 இலட்சம் என்பது இன்றைய கணக்கு.

அன்று அச்சிறிய தந்தை அனைத்தையும் எடுத்துக்கொண்டார். இன்று வீடு வாங்குவோர் அவரை அடியோடு மறந்து விடுகின்றனர். ஆண் பிள்ளையில்லாமல் இறந்தவரின் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகளிர் பெயர்களே இருக்கும். உடன்பிறந்தார் பெயர் பெரும்பாலும் இராது. ஷரீஅத்படியோ அவர்களும் பங்காளிகள். ஆகவே விதவைத் தாயும் இரு பெண்களும் விற்கும் வீட்டை வாங்குகையில், இறந்தவருக்குச் சகோதர சகோதரியர் உண்டா என்று விசாரியுங்கள். பெற்றோர் உயிருடன் இருந்தனரா என்பதையும் கேளுங்கள், அவர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் பின்னர் இறந்திருந்தால் அப்பங்கு அவர்களுடைய வாரிசுகளுக்குச் செல்லும். இரண்டு மூன்று மரணங்கள் அடுக்கிய வீட்டுக்குப் பாகப் படம் ஒன்றை ஃபராயிள் அறிந்த ஆலிமிடம் எழுதி வாங்கி, அதை வழக்கறிஞரிடம் கொடுப்பதே நேர்வழி. ஆலிம் ஒருவரே போதுமென்றோ, வழக்கறிஞர் ஒருவரே போதுமென்றோ எண்ண வேண்டாம்.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிறுவரின் நிலத்தையோ வீட்டையோ விற்கும் அதிகாரம் தாய்க்கு இயல்பாக இல்லை. 1918-இலேயே பிரிவி கவுன்சில் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. மாவட்ட நீதிமன்ற அனுமதி பெற்று விற்க வேண்டும். "பிள்ளைக்காகத் தாய் ஒப்பமிட்டிருக்கிறாரே" என்று வாங்கியவர்கள், அப்பிள்ளை வளர்ந்து வந்து வாசலில் நிற்கும்போது விழிக்கின்றனர்.

மகளுக்கென்று கட்டிய வீடு

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளின் திருமணத்தோடு வீட்டையும் அவளுக்கே ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அங்கே ஆபத்து மறுபக்கமிருந்து வருகிறது. "இது ராத்தா வீடு" என்று ஊரே சொல்லும். பத்திரமோ வாப்பாவின் பெயரிலேயே கிடக்கும். வாப்பா மறைந்த பின் தம்பிமாரின் பிள்ளைகள் பங்கு கேட்பர்.

வாய்மொழி ஹிபா செல்லாதா எனில், செல்லும். கொடுப்பவர் கூற, பெறுபவர் ஏற்க, பொருள் ஒப்படைக்கப்பட்டால் ஹிபா நிறைவேறும். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே 129-ஆம் பிரிவில் இதற்கு இடமளித்துள்ளது. உச்ச நீதிமன்றமும் 2011-இல் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் வாப்பா கடைசிவரை அதே வீட்டில் வாழ்ந்திருந்தால், ஒப்படைப்பு நிகழ்ந்ததா என்னும் வாதம் எழும். சாட்சிகள் கபுறுக்குள் இருப்பர். ஆகவே கொடுக்க நினைப்போர் உயிருடன் இருக்கும்போதே எழுதிப் பதிந்து விடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கச் சொல்கின்ற வேதம் (2:282) நம்முடையது. மற்ற மக்களுக்கும் நீதி செய்யுங்கள். ஒரு மகனுக்கு மட்டும் தந்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க அண்ணலார் மறுத்ததை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம்.

பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாங்குவோர் நிலம் யாருடையதென்றும் பார்க்க வேண்டும். அடிமனை வாடகை கட்டி வரும் வீடாயின், கட்டடம் மட்டுமே விற்பவருடையது, நிலம் வக்பு. மூன்று தலைமுறை குடியிருந்ததால் அது சொந்தமாகி விடாது. ஜமாஅத்திலும் வக்பு வாரியத்திலும் கேட்டுத் தெளியுங்கள்.

இனி, வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடன் வாங்காமல் சொந்தச் சேமிப்பில் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. அல்லாஹ் உங்கள் பேணுதலை ஏற்றருள்வானாக. கடன் கொடுக்கும் வங்கி தன் வழக்கறிஞரைக் கொண்டு பத்திரங்களைத் துருவிப் பார்க்கும். உங்களுக்கு அந்தத் துருவல் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் மனம் நோகாமல் கட்டும் நீங்கள், உங்களுக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்தச் சில ஆயிரம் செலவிடத் தயங்காதீர்கள். தரகர் கொணரும் வழக்கறிஞர் வேண்டாம்.

விற்போருக்கு

விற்போரே! வீட்டைத் தரகரிடம் சொல்லுமுன் உடன்பிறந்தாரிடம் சொல்லுங்கள். பங்காளிக்கு அறிவியாமல் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1870-லேயே ஷுஃப்ஆ எனும் முன்வாங்கும் உரிமையை இப்பகுதியின் சட்டமாக ஏற்க மறுத்தது உண்மைதான். நீதிமன்றம் கேட்காது என்பதால் மார்க்கம் கேட்காமல் விடுமா?

கையெழுத்து வாங்கும் நாளன்று மட்டும் சகோதரிக்குக் கார் அனுப்பி, ஒரு பட்டுச்சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்துத் திருப்பியனுப்பும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. அவர் முகம் சுளிக்கவில்லை என்பது சம்மதமாகாது. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டு விடுமே என்னும் அச்சமாகவும் இருக்கலாம். வாரிசு ஒருவர் ஒரு தொகைக்கு உடன்பட்டு விலகிக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் 'தகாருஜ்' என்று கூறி அனுமதிக்கின்றன. அதற்கு அவர் தம் பங்கு எவ்வளவு என்று அறிந்திருக்க வேண்டும். 7 இலட்சம் என்று சொல்லுங்கள். பணத்தைக் கையில் கொடுங்கள். அதன் பின் அவர் மனமுவந்து தருவது உங்களுக்கு ஹலால்.

சகோதரி சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால், அவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் பவர் பத்திரம் எழுதியனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரையிடப்பட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அப்பவர் அன்றோடு முடிந்தது. அதை வைத்துக் கிரயம் செய்தால் செல்லாது. வாங்குவோர் பதிவு நாளன்று அவரோடு தொலைபேசியில் ஒரு சொல் பேசிவிடுவது நன்று.

பணம் கைமாறும் முறையிலும் கவனமாயிருங்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுப்பது பொய்ச்சாட்சி என்பது ஒருபுறம். நாளை கிரயம் முறிந்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் கண்ட தொகைக்கே நீங்கள் நியாயம் கேட்க முடியும் என்பது மறுபுறம். 48 இலட்சம் என்றால் 48 இலட்சமென்றே எழுதுங்கள். முழுத் தொகைக்கும் ஒரே காசோலை எழுதி மூத்தவரிடம் நீட்டாதீர்கள். தாய்க்கு 6, புதல்வர்க்குத் தலைக்கு 14, புதல்வியர்க்குத் தலைக்கு 7 என ஐந்து வரைவோலைகள் எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் பெறுபவர் பெயரையும் பத்திரத்திலேயே குறித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் அவரவர் கையில் கொடுங்கள். கணக்கே இல்லாத சகோதரிக்கு அதற்கு முந்திய வாரமே அஞ்சலகத்திலோ வங்கியிலோ அவர் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள்.