ஆங்கிலத்தின் ‘ரன்’: ஒரு வினை, பல நூறு பொருள்

குழந்தை ஓடுவதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பார்கள். குழாயில் தண்ணீர் வருவதற்கும் அதே சொல்தான். பேருந்து தன் தடத்தில் செல்வது, ஒருவர் கடை நடத்துவது, மூக்கு ஒழுகுவது, புதுத் துணியில் சாயம் போவது, அமெரிக்காவில் தேர்தலில் நிற்பது, செய்தித்தாளில் ஒரு செய்தியை வெளியிடுவது ஆகிய அனைத்தும் இந்த ஒரு வினைக்குள் அடங்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல்லைத் திருத்தி எழுத, அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ 9 மாதம் ஆனது. அந்தப் பணி 2011-இல் நிறைவுற்றது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சுமார் 430 பொருள்களுடன் ‘செட்’ என்ற வினை முதலிடத்தில் இருந்தது. இப்போது அந்த இடம் ‘ரன்’னுக்கு உரியது.

இத்தனை பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலானவை ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை. தடைபடாமல் தொடர்ந்து நகர்தல் என்பதே அக்கருத்து. அதைப் பிடித்துக்கொண்டால், புதிதாக எதிர்ப்படும் தொடரின் பொருளையும் பல சமயம் ஊகித்துவிடலாம்.

இரண்டு வினைகள் ஒன்றானது

பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றொரு வினை இருந்தது. ஓடுதல், ஒழுகுதல் ஆகிய இரண்டையும் அது குறித்தது. அதற்கு உறவான ‘எர்னன்’ என்ற வினைக்கு ஓடச் செய்தல், குதிரையை விரட்டிச் செல்லுதல் என்று பொருள். ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்கள் மொழியின் வடிவங்களும் இவற்றோடு கலந்தன. காலப்போக்கில் எல்லாம் சேர்ந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவம் நிலைத்தது. ஜெர்மன் மொழியிலோ ஒழுகுதலுக்கு ‘ரின்னென்’, விரைந்து ஓடுதலுக்கு ‘ரென்னென்’ என்று இரண்டு வினைகள் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன.

தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார் என்று வடிவமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் எந்திரம் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவர் எந்திரத்தை ஓட்டுகிறார். சொல்லின் வளத்துக்குப் பாதிக் காரணம் இந்த இரட்டைப் பயன்பாடுதான்.

பொருள் விரிந்த வழி

காலால் ஓடுவதும் நீர் ஓடுவதும் தொடக்கத்திலிருந்தே இச்சொல்லில் இருந்தன. நீரின் வழியே ஒழுகும் மூக்கு, கரையும் சாயம், வழியும் கண்ணீர் ஆகியவை வந்து சேர்ந்தன. அடுத்து, அசையாத பொருளும் ஓடத் தொடங்கியது. ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் சாலையும், வயல் நடுவே நீளும் வேலியும் ‘ரன்’ ஆகின்றன. பார்ப்பவரின் கண் அவற்றின் மீது நகர்ந்து செல்வதே இங்கே ஓட்டம். காலத்துக்கும் இது பொருந்தியது. மூன்று மணி நேரம் ஓடும் திரைப்படமும், ஐந்தாண்டு செல்லுபடியாகும் ஒப்பந்தமும் அவ்வகை. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குணத்தையோ நோயையோ ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்பார்கள். தமிழில் இது பரம்பரையாக வருவது.

தொழிற்புரட்சி இச்சொல்லுக்குப் புதிய களம் அமைத்தது. நீராவி எந்திரம், ரயில், தறி, பின்னாளில் மோட்டார், கணினி நிரல் என்று இயங்கும் கருவிகள் பெருகப் பெருக, அவற்றின் இயக்கத்தைச் சொல்ல ‘ரன்’ பயன்பட்டது. எந்திரத்தை இயக்குபவர் ஆலையை இயக்குகிறார். ஆலையை இயக்குபவர் நிறுவனத்தை நடத்துகிறார். நிர்வகித்தல் என்ற பொருள் இப்படி வேரூன்றியது. ‘ரன் எ பிசினஸ்’ என்பது தொழில் நடத்துவது. ‘ரன் த ஷோ’ என்றால் முழுப் பொறுப்பும் அதிகாரமும் ஒருவர் கையில் இருப்பது.

ஒட்டிவரும் சிறு சொல்

‘ரன்’னுக்குப் பின் வரும் சிறு சொல் நகர்வின் திசையைச் சொல்கிறது. அந்தத் திசைதான் பொருளை மாற்றுகிறது. ‘இன்டு’ சேர்ந்தால் ஒன்றுக்குள் போய் மோதுவது: ஒரு வண்டி சுவரில் மோதலாம், ஒருவர் பழைய நண்பரை வழியில் எதிர்பாராமல் சந்திக்கலாம், ஒரு திட்டம் சிக்கலில் மாட்டலாம். ‘ஓவர்’ சேர்ந்தால் மேலே ஏறிச் செல்வது: வண்டி ஆள் மீது ஏறுவது, பாத்திரம் நிரம்பி வழிவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது. ‘அப்’ வந்தால் ஏற்றம்: கடையில் கடன் ஏற்றிக்கொண்டே போவதை ‘ரன் அப் எ பில்’ என்பார்கள். ‘டவுன்’ வந்தால் இறக்கம்: சாவி தீர்ந்து கடிகாரம் நிற்பது, பேட்டரி தீர்வது, பராமரிப்பின்றிக் கட்டடம் பாழடைவது, உடல் தளர்வது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது. ‘த்ரூ’ ஊடுருவலைக் காட்டும்: நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஒத்திகை பார்ப்பதும், கையில் இருந்த பணம் முழுவதையும் செலவழித்துவிடுவதும் இதில் அடங்கும்.

‘ரன் அவுட்’ என்றதும் தமிழர் பலருக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். மட்டையாளர் கோட்டைத் தொடுமுன் ஸ்டம்ப் வீழ்த்தப்படுவது அது. அன்றாட ஆங்கிலத்தில் இதே தொடர் கையிருப்பு தீர்ந்துபோவதைக் குறிக்கும். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் தமிழில் அரிசிதான் எழுவாய். ஆங்கிலத்தில் ‘த ரைஸ் ரேன் அவுட்’ என்று அரிசியையும் எழுவாயாக்கலாம். ‘வி ரேன் அவுட் ஆஃப் ரைஸ்’ என்று வீட்டாரையும் எழுவாயாக்கலாம். ஆள் எழுவாயாக வரும்போது ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

வரலாறு சுமக்கும் தொடர்கள்

சில தொடர்களை ஊகித்து அறிய முடியாது. அவற்றின் பின்னணி தெரிய வேண்டும். ‘ரன் த கான்ட்லெட்’ என்பது பல பக்கமிருந்தும் வரும் தாக்குதலையோ கண்டனத்தையோ கடந்து செல்வது. முன்பு ஐரோப்பியப் படைகளில் குற்றம் செய்த வீரனை, கையில் கோலுடன் இரு வரிசையாக நிற்கும் வீரர்களுக்கு நடுவே ஓடவிடுவார்கள். இருபுறமும் அடி விழும். சந்து, ஓட்டம் என்று பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்த ‘காட்லாப்’ என்ற ஸ்வீடியச் சொல் அத்தண்டனையின் பெயர். 17-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு, ஒலி ஒத்திருந்ததால் இரும்புக் கையுறையைக் குறிக்கும் ‘கான்ட்லெட்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

‘ரன் அமக்’ மலாய் மொழியின் கொடை. வெறிகொண்டு கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குவதைக் குறிக்கும் ‘அமுக்’ என்ற மலாய்ச் சொல், ஐரோப்பியப் பயணிகள் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. இன்று கட்டுப்பாடின்றித் திரிவதற்கெல்லாம் இது பயன்படுகிறது. ‘ரன் ரயட்’ வேட்டைக்களத்திலிருந்து வந்தது: துரத்த வேண்டிய விலங்கின் மோப்பத்தை விட்டு, வேறு மோப்பம் பிடித்து நாய்கள் தறிகெட்டு ஓடுவது. ‘கட் அண்ட் ரன்’ கப்பல்காரர்களின் பேச்சு. நங்கூரத்தை மேலே இழுக்க நேரமில்லாதபோது அதன் கயிற்றை வெட்டிவிட்டுக் காற்றோடு விரைவதே அது. இன்று பொறுப்பை உதறிவிட்டு ஓடுவதைக் குறிக்கிறது. முயலோடு ஓடிக்கொண்டே வேட்டை நாய்களோடும் சேர்ந்து துரத்துவதாகச் சொல்லும் ஆங்கிலப் பழமொழி ஒன்று உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கின் குணம்தான் அது.

பந்தயங்களும் பங்களித்தன. இரண்டாம் இடம் பெற்றவரைக் குறிக்கும் ‘ரன்னர் அப்’, முதலில் நாய்ப் பந்தயத்தில் இறுதிச் சுற்றில் மட்டும் தோற்ற நாயின் பெயர். குதிரைப் பந்தய முடிவுகளில் முதல் இடங்களுக்குக் கீழே, இவையும் ஓடின என்ற பொருளில் ‘ஆல்சோ ரேன்’ என்று தலைப்பிட்டு மற்றக் குதிரைகளின் பெயர்களை அச்சிடுவார்கள். போட்டியில் இருந்தும் கணக்கில் வராதவருக்கு அதுவே பெயராயிற்று.

பெயர்ச்சொல்லாக

‘ரன்’ பெயர்ச்சொல்லாகவும் வாழ்கிறது. கிரிக்கெட்டில் எடுக்கும் ரன் அவ்வகை. அவ்விளையாட்டின் தொடக்க காலத்தில் எடுத்த ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு குச்சியில் வெட்டுக்குறி போட்டார்கள். அதனால் ரன்னுக்கே ‘நாட்ச்’ என்ற பெயர் இருந்தது. ‘ரன் ஆன் எ பேங்க்’ என்பது வங்கி நொடித்துவிடுமோ என்று அஞ்சி வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நின்ற நீண்ட வரிசைகள் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. ‘ரன் ஆஃப் த மில்’ என்றால் ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கு. அதனால் சிறப்பில்லாத, வழக்கமான எதையும் அது குறிக்கும். ‘இன் த லாங் ரன்’ என்றால் நாளடைவில், நீண்ட கால நோக்கில்.

கவனிக்க வேண்டியவை

இதன் இறந்தகால வடிவம் ‘ரேன்’. ஆனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றுக்குப் பின் மீண்டும் ‘ரன்’ என்றே வரும். ‘ஹேவ் ரேன்’ பிழை. நாட்டுக்கு நாடு வழக்கும் மாறும். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். பிரிட்டிஷ் வேட்பாளர், தமிழில் சொல்வதுபோலவே, நிற்கிறார். காலுறையில் இழை விட்டுப்போவது அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’. சேர்ந்துவரும் பெயர்ச்சொற்களும் நிலையானவை. காய்ச்சலடிப்பதை ‘ரன் எ டெம்பரேச்சர்’ என்றும், துணிந்து ஆபத்தை ஏற்பதை ‘ரன் எ ரிஸ்க்’ என்றும் சொல்வார்கள். இவற்றில் ‘ரன்’னுக்குப் பதிலாக ஓடுதலைக் குறிக்கும் வேறு வினையைப் போட முடியாது.

ஆகவே, இத்தொடர்களைப் பட்டியலாக உருப்போடுவதைவிட முழு வாக்கியங்களாகப் படித்துப் பழகுவது பயன்தரும். எழுவாய் ஆளா பொருளா, பின்னால் செயப்படுபொருள் உண்டா, ஒட்டிவரும் சிறு சொல் எந்தத் திசையைக் காட்டுகிறது என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் பொருள் விளங்கும். அப்படியும் விளங்காதவற்றுக்கு வரலாறு இருக்கிறது. அதை நல்ல அகராதி எடுத்துச் சொல்லும்.