இணையத்தில் அரசு சேவை: வாசல் ஆயிரம், வழி எது?

புது தில்லி:

2011-ம் ஆண்டு டிசம்பர் 27-ம் தேதி, லோக்பால் மசோதா மீது மக்களவையில் இரவு வெகுநேரம் வரை விவாதம் நடந்தது. அதற்காகவே குளிர்காலக் கூட்டத்தொடர் நீட்டிக்கப்பட்டிருந்தது. மும்பையில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார். அதே நாளில், அதே அவையில், வேறொரு மசோதாவும் அறிமுகம் செய்யப்பட்டது. மின்னணு முறையில் சேவை வழங்கல் மசோதா என்பது அதன் பெயர். நாடே லோக்பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் அது யார் கண்ணிலும் படாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால், சாமானிய மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு லோக்பாலைவிட நெருக்கமானது அந்த மசோதாதான். மக்களுக்கான சேவைகளை 5 ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் அரசுத் துறையும் மின்னணு முறையில் வழங்கியாக வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் மேலும் 3 ஆண்டுகள் அவகாசம் பெறலாம். எந்தெந்தச் சேவை, எத்தனை நாள்களில், புகார் இருந்தால் யாரிடம் என்பதையெல்லாம் வெளியிட வேண்டும். இவற்றைக் கண்காணிக்க மத்தியிலும் மாநிலங்களிலும் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்றது அந்த மசோதா. நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் சென்ற அது, 2014 மே மாதம் 15-வது மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது. 16-வது, 17-வது மக்களவைகளில் அதற்கு மறுபிறவி கிடைக்கவில்லை.

சட்டம் வராவிட்டாலும் சேவைகள் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 2005-ல் தேசிய இணையதளம், 2006-ல் தேசிய மின் ஆளுமைத் திட்டம், 2015-ல் டிஜிலாக்கர், 2017-ல் உமங் செயலி, 2022-ல் மைஸ்கீம் தளம் என்று எந்த ஆட்சியிலும் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தளம், தளத்துக்கு ஒரு செயலி, செயலிக்கு ஒரு கடவுச்சொல் என்று பெருகியிருக்கிறது. இத்தனையிலும் தனக்கு வேண்டியது எங்கே இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மட்டும் குடிமக்களின் தலையில்தான்.

தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து வந்த கணவரை இழந்த ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். முதலில் அவர் இறப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அது உள்ளாட்சி அமைப்பின் வேலை. அடுத்து வருங்கால வைப்பு நிதி. அங்கே அவருக்கு உரியவை மூன்று: கணவர் கணக்கில் இருக்கும் தொகை, குடும்ப ஓய்வூதியம், வைப்பு நிதியுடன் இணைந்த காப்பீடு. இந்த மூன்றாவது இனத்தில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

கணவரின் வங்கிக் கணக்கேட்டில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். 2 லட்சம் ரூபாய் கிடைக்க வேண்டும். இறந்த 30 நாள்களுக்குள் வங்கியில் விண்ணப்பிப்பது நல்லது என்கிறது திட்ட விதி. துக்க வீட்டில் முப்பது நாள் என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. எப்போதோ வங்கியில் கையெழுத்திட்டுக் கொடுத்ததைக் கணவர் வீட்டில் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பிடித்தம் என்னவென்றே மனைவிக்குப் புரியாது.

அந்தப் பெண் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவராகவும் 40 வயதைக் கடந்தவராகவும் இருந்தால் விதவை ஓய்வூதியம் உண்டு. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய் என்று 2012-ல் நிர்ணயிக்கப்பட்டது. மீதம் மாநில அரசைப் பொருத்தது. அதற்கு வேறு தளம், வேறு அலுவலகம். குடும்ப அட்டையில் பெயர் நீக்கத்துக்கு இன்னொரு துறை. எல்லா இடத்திலும் கேட்பது அதே இறப்புச் சான்றிதழ். பல தளங்களில் நுழைய வேண்டுமானால் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் வேண்டும். வீட்டுக்கு ஒரே எண் என்ற நிலையில், அந்த எண் பெரும்பாலும் இறந்தவரின் பெயரில் இருப்பதாகவே இருக்கும்.

இத்தனை கதவுகளுக்கும் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு அல்ல. துறைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ, அப்படியே இணையத்திலும் பிரிந்து கிடக்கின்றன. கணவரை இழந்தவருக்கு எந்தெந்தத் துறைகளில் வேலை இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பிரிட்டனில் "ஒருமுறை சொன்னால் போதும்' என்ற பொருள்படும் பெயரிலேயே ஒரு சேவை இருக்கிறது. இறப்பைப் பதிவு செய்த பின் ஒரே இடத்தில் தெரிவித்தால் வரித்துறை, ஓய்வூதியத்துறை, கடவுச்சீட்டு அலுவலகம், ஓட்டுநர் உரிம அலுவலகம் ஆகியவற்றுக்குச் செய்தி போய்விடும்.

நம் நாட்டில் இந்தத் திசையில் எடுத்த நல்ல முயற்சி மைஸ்கீம். வயது, பாலினம், மாநிலம், வருமானம் போன்ற விவரங்களைக் கொடுத்தால், தகுதியுள்ள திட்டங்களை அது பட்டியலிடுகிறது. துறையின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், பெரும்பாலான திட்டங்களுக்கு அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. விண்ணப்பிக்க வேண்டுமானால் பழையபடி துறையின் வாசலுக்குத்தான் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் மத்திய அரசின் தளங்களுக்கெல்லாம் ஒரே வகை நிறம், எழுத்துரு, அமைப்பு ஆகியவற்றை வகுக்கும் கையேடு வெளியிடப்பட்டது. எது அரசுத் தளம் என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண அது உதவும் என்ற அளவில் வரவேற்கலாம். கடவுச்சீட்டு பெற்றுத் தருவதாகக் கூறும் போலித் தளங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்க நேர்ந்த நாட்டில் அது சிறிய விஷயமல்ல. என்றாலும், எல்லாக் கதவுகளுக்கும் ஒரே வண்ணம் பூசுவதால் கதவுகளின் எண்ணிக்கை குறையாது.

கடவுச்சீட்டு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசின் இணையச் சேவைகளில் பெருமளவு வெற்றி பெற்றது அதுதான். 2010-ல் பெங்களூரில் சோதனை முறையில் தொடங்கி, 2012-க்குள் நாடு முழுவதும் 77 சேவை மையங்கள் திறக்கப்பட்டன. 2017 முதல் அஞ்சலகங்களுக்கும் அது விரிந்தது. ஆனால், நெருக்கடி தணிந்ததற்குக் கணினி மட்டும் காரணமல்ல. 1989 ஜனவரி 26-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி 2016 டிசம்பரில் தளர்த்தப்பட்டது. இணைப்புப் படிவங்களில் நோட்டரி கையெழுத்துக்குப் பதிலாக விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழியே போதும் என்று ஆனது. படிவத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்தப் படிவம் தேவைதானா என்று கேட்ட துறைகள் வெகு சில.

மற்றொரு கேள்வி இதைவிடக் கடினமானது: இணையம் ஒன்றே வழி என்றாகிவிட்டால் என்ன செய்வது? 2021 மே 1-ம் தேதி 18 முதல் 44 வயது வரையிலானவர்களுக்கு கரோனா தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அந்தத் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 2017-18-ம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி உள்ள குடும்பங்கள் நாட்டில் சுமார் 24 சதவீதம். கிராமங்களில் சுமார் 15 சதவீதம்தான். இணையம் இல்லாதவர்கள் உறவினர், நண்பர், பொதுச் சேவை மையம் ஆகியோரின் உதவியைப் பெறலாம் என்றது அரசுத் தரப்பு. தாமாக முன்வந்து வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், மே 31-ம் தேதி உத்தரவில் இதைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. அதற்குள் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு ஓரளவு அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. ஜூன் 21 முதல் எல்லோருக்கும் கதவு திறந்தது. ஜூன் முதல் வாரத்தில் தளத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது அவற்றில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது.

மொழி விஷயத்தில் இது போன்ற "விடுபடல்'களும் "தொழில்நுட்பக் கோளாறு'களும் நமக்குப் பழகிவிட்டன. 2024 நவம்பரில் எல்.ஐ.சி. தளத்தின் முகப்பு ஹிந்தியில் தோன்றி, தமிழகத்தில் கண்டனம் எழுந்ததும் சரிசெய்யப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டே தகவல்களைப் பரப்ப வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவே கூறுகிறது. சட்டம் இருக்கிறது, அதைத் தளம் வடிவமைப்பவரின் மேஜைக்குக் கொண்டு சேர்க்கத்தான் ஆளில்லை.

மொழி தெரிந்தும் கதவு திறக்காதவர்களும் உண்டு. வாடிக்கையாளரை இணையவழியில் அறிந்துகொள்ளும் நடைமுறையில், உயிருள்ள மனிதர்தான் என்பதை உறுதி செய்யக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள். அமில வீச்சில் கண்களும் முகமும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர்கள் கேமராவை எப்படி நோக்குவார்கள்? நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரல் 30-ம் தேதி, இணைய வசதியை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. நாடாளுமன்றம் மசோதாவாகவே விட்டுவிட்டதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காகக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. வழக்குப் போட வசதியுள்ளவர்களின் பிரச்னைகள்தான் இவ்வாறு தீரும் என்பது இதிலுள்ள சங்கடம்.

மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறார்கள் இடைத்தரகர்கள். ஒரு காலத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் நின்றவர் இப்போது பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார். இதில் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நாட்டில் 5 லட்சத்துக்கும் அதிகமான பொதுச் சேவை மையங்கள் இருக்கின்றன. கிராமத்து முதியவருக்கு அந்த மையத்தை நடத்தும் இளைஞர்தான் அரசின் முகம். தில்லி அரசு 2018 செப்டம்பரில் 1076 என்ற எண்ணை அழைத்தால் 50 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே ஆளனுப்பி 40 சேவைகளுக்கு விண்ணப்பம் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்துக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு மனிதர் தேவை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட திட்டம் அது. அந்த நடுவர் வாங்கும் கட்டணத்துக்கும் செய்யும் பிழைக்கும் யார் பொறுப்பு என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறிப்போய் நிராகரிக்கப்பட்டால், மையம் துறையைக் காட்டும், துறை மையத்தைக் காட்டும். காலாவதியான மசோதாவில் இதற்காகத்தான் ஆணையங்கள் இருந்தன.

அவையில் இதுபற்றிக் கேள்விகள் எழாமல் இல்லை. எத்தனை சேவைகள், எத்தனை பதிவுகள், எத்தனை பதிவிறக்கங்கள் என்ற எண்ணிக்கையோடு பதில் முடிந்துவிடுகிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வழி திறந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய அளவிலான இறப்புத் தரவுத்தளத்தை வாக்காளர் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு ஆகியவற்றைப் பராமரிக்கும் அமைப்புகளுடன் பகிர அது இடமளிக்கிறது. பட்டியலைப் பார்த்தால், பெயரை நீக்குவதற்கு வேண்டிய துறைகளே அதிகம். வருங்கால வைப்பு நிதியும் ஜீவன் ஜோதி காப்பீடும் அதில் இல்லை. ஆனால், அறிவிக்கை மூலம் பிற தேசியத் தரவுத்தளங்களையும் சேர்க்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. அவ்வாறு சேர்த்தால், இறப்பு பதிவான சில நாள்களில், "உங்களுக்கு இன்ன தொகை வர வேண்டியிருக்கிறது' என்ற கடிதம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அரசிடமிருந்தே போய்ச் சேர வழி பிறக்கும். அதற்குப் புதிய மசோதா தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும்.