ஓடம் ஏறும் வண்டி: வீட்டில் கட்டிய சிறு படகுக்கு ஏற்ற இழுவண்டி

“வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்” என்பது நம் பழமொழி. வாழ்வின் ஏற்றத் தாழ்வைக் குறிக்க எழுந்த இம்மொழி, தம் கையால் படகு கட்டுவோருக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும். அவர்கள் படகைக் கட்டுவது வீட்டுக் கொல்லையில். ஆறும் கடலும் இருப்பதோ தொலைவில். இவ்விரண்டுக்கும் இடையே படகைச் சுமந்து செல்வது, டிரெய்லர் என்று நாம் வழங்கும் இழுவண்டியாகும்.

படகைக் கட்டப் பல மாதம் உழைப்பவர், வண்டியைத் தேர்ந்தெடுக்க அரை நாள்கூடச் செலவிடுவதில்லை. “கிடைத்த வண்டியில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கிவிட்டால் போதாதா?” என்று கேட்பாரும் உளர். போதாது என்பதே விடை. நீரில் மிதக்கும்போது படகின் அடிப்பாகத்தை நீர் எங்கும் பரவி ஒரே சீராகத் தாங்குகிறது. வண்டியில் ஏறியபின் அதனைத் தாங்குவன நான்கைந்து இடங்களே. மேலும், நீரின் அலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும். சாலையின் பள்ளமோ படீரென்று அடிக்கும். ஆகவே வண்டி படகின் எடைக்கும் வடிவுக்கும் அமைந்திருத்தல் வேண்டும். பெரிய வண்டியே நல்ல வண்டி என்று எண்ணுவது பெரும்பிழை. அஃது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு படகு

வீட்டில் கட்டப்படும் சிறு படகுகளுள் உலகப் புகழ் பெற்றது ‘மிர்ரர்’ என்னும் பாய்ப்படகு. 1962-ஆம் ஆண்டில் படகு வரைஞர் ஜாக் ஹோல்ட் என்பவரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்துப் பெயர்பெற்ற பேரி பக்னெல் என்பவரும் பிரிட்டனில் இதனை உருவாக்கினர். அந்நாட்டின் ‘டெய்லி மிர்ரர்’ நாளிதழ் இதனை மக்களிடம் கொண்டு சென்றமையால் இப்பெயர் வந்தது. இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிர்ரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன.

இதன் நீளம் 3.3 மீட்டர், அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர், பாய்மரமும் கருவிகளும் இல்லாத வெற்றுடலின் எடை 45.5 கிலோ. மெல்லிய ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் இட்டு இதனைக் கட்டுவர். பலகையைத் தைத்துப் படகு கட்டுதல் நமக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையின் மசுலாப் படகுகள் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

இத்தகைய படகின் வலிமை அதன் பலகையில் இல்லை. மூட்டுகளிலும், உள்ளே நிற்கும் குறுக்குச் சுவர்களிலும், அடிமரமாகிய ஏராவிலும் இருக்கிறது. இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு நடுவே உள்ள பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே சற்று வளையும். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

எடையும் வில்லும்

முதலில் எடையைக் கூட்டுக. படகின் உடல் 45.5 கிலோ. பாய்மரம், பாய், சுக்கான், துடுப்பு, நங்கூரம், மிதவைச் சட்டை ஆகியவற்றையும் சேர்த்தால் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இழுவண்டியின் சொந்த எடை மற்றொரு 70 கிலோ எனில், மொத்தம் 140 கிலோ. வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை வரம்பு, வண்டியின் சொந்த எடையையும் உள்ளடக்கியதே என்பதை மறத்தல் கூடாது.

இனி, 500 கிலோ சுமைக்கென்று செய்த வண்டியொன்று மலிவாகக் கிடைக்கிறது. அதனை வாங்கலாமா? வில் அழுந்தும் அளவு அதன்மேல் வைக்கும் சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது, ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்ட விதி. 500 கிலோ சுமைக்கு 5 செண்டிமீட்டர் அழுந்தும் வில், 100 கிலோவுக்கு 1 செண்டிமீட்டரே அழுந்தும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவ்வில் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது; இரும்புக் கட்டைபோல் நின்று, அடி முழுவதையும் மேலே இருக்கும் மெல்லிய பலகைக்கு அனுப்பிவிடும். பாரம் ஏற்றிய லோரியில் செல்வதற்கும் வெறும் லோரியில் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பயணம் செய்தவர் நன்கறிவர்.

இத்தகைய வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால் செய்யத்தக்கது என்ன? தட்டை வில்களை அடுக்கிக் கட்டிய வண்டியாயின், ஓரிரு தட்டுகளை எடுத்துவிடலாம். ஆனால் அச்சையும் சட்டத்தையும் இணைக்கும் முதன்மைத் தட்டைத் தொடுதல் கூடாது. தட்டை எடுத்தபின் வண்டியின் சுமை வரம்பும் குறைந்துவிடும். அதனைத் தகட்டில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். இன்றேல் பின்னாளில் வாங்குபவர் பழைய வரம்பை நம்பிப் பாரம் ஏற்றிவிடுவார். டயரின் காற்றையும், சுமைக்கேற்ப, டயர் செய்தவர் அனுமதிக்கும் அளவுக்குக் குறைக்கலாம். குழாய்க்குள் ரப்பரை அடைத்துச் செய்த முறுக்கு அச்சுகளை இவ்வாறு மாற்ற இயலாது. அவற்றைச் சுமைக்கு ஏற்ற அளவிலேயே வாங்க வேண்டும்.

தாங்கும் இடங்கள்

ஒரே எடை சிறு பரப்பில் இறங்கினால் அழுத்தம் மிகும். பெரும் பரப்பில் பரவினால் குறையும். 35 கிலோ எடை, தீப்பெட்டி அளவுள்ள ஓர் உருளையின்மேல் நிற்பதும், உள்ளங்கை நான்கின் அளவுள்ள மெத்தையின்மேல் நிற்பதும் ஒன்றாகா. எனவே, கடையில் விற்கும் வண்டியில் படகின் பக்கங்களைத் தாங்கச் சிறு உருளைகள் இருக்குமாயின், அவற்றைக் கழற்றிவிட்டு, படகின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும் மரத் தொட்டிலை அமைத்தல் நலம்.

அட்டையைப் படகின் அடியில் வைத்து வளைவை வரைந்து வெட்டி, அந்த அட்டையைப் பலகைமேல் வைத்து அறுத்தால் தொட்டில் சரியாக அமையும். அதன்மேல் பழைய கம்பளத்தையோ ரப்பர்த் தகட்டையோ ஒட்டலாம். தொட்டில்கள் படகின் குறுக்குச் சுவர்களுக்கு நேர் கீழே வருதல் வேண்டும். எடையில் பெரும்பகுதி நடுவிலுள்ள ஏராவின் வழியே இறங்க, பக்கத் தொட்டில்கள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ளும் அளவில் இருந்தால் போதும்.

படகின் பின்பலகைக்கு அடியிலும் ஒரு தாங்கல் இருத்தல் இன்றியமையாதது. வண்டி குட்டையாக இருந்து படகின் பின்பகுதி அந்தரத்தில் நீண்டு நின்றால், ஒவ்வொரு குலுக்கலிலும் அப்பகுதி மேலும் கீழும் வளைந்து நாளடைவில் மூட்டு விட்டுவிடும்.

இம்மாற்றங்களைச் செய்யும்போது வண்டியின் முதன்மைச் சட்டத்தில் துளையிடுதல் கூடாது. துளை, சட்டத்தின் வலிமையைக் குறைத்துத் துருவுக்கும் வழி திறக்கும். யூ வடிவப் போல்ட்டால் சட்டத்தைச் சுற்றிப் பிணைப்பதே முறை. துத்தநாகம் பூசிய சட்டத்தில் பற்றவைப்பதும் கூடாது. பூச்சு எரிந்துபோவதோடு, அப்புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் வரும்.

நம் நாட்டு மழையையும் கருத வேண்டும். வண்டியில் நிற்கும் திறந்த படகில் 10 செண்டிமீட்டர் உயரம் மழைநீர் தேங்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அந்நீரின் எடை 100 கிலோ. படகின் எடையைப்போல் இரு மடங்குக்கு மேலான இச்சுமை, தொட்டில்களின்மேல் படகை நசுக்கிவிடும். ஆதலின் வண்டியில் நிற்கும்போது வடிகால் அடைப்பானைத் திறந்து வைத்து, படகின் முன்பகுதியாகிய அணியத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துக.

முன்சுமை

பள்ளித் திடலில் ஏற்றப்பலகை ஆடும் பிள்ளைகளுக்கு நெம்புகோல் விதி தெரியும். இழுவண்டியும் அத்தகைய ஒரு பலகையே. அச்சுதான் அதன் நடுத்தாங்கி. எடை அச்சுக்குப் பின்னே மிகுந்தால், வண்டியின் மூக்கு காரின் பின்புறத்தை மேலே தூக்கும். வேகம் கூடும்போது வண்டி நாயின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சாலையைவிட்டு இழுத்துச் செல்லும். எதிரே வருபவரின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே எடை அச்சுக்குச் சற்று முன்னே விழுமாறு அமைக்க வேண்டும். மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை வண்டியின் மூக்கில் இறங்குவது சிறு வண்டிகளுக்கு ஏற்ற அளவு. நம் 140 கிலோ வண்டிக்கு 10 கிலோ எனக் கொள்வோம். மூக்குக்கும் அச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டராயின், 10-ஐ 2.5-ஆல் பெருக்க வருவது 25. அதனை 140-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.18. அதாவது, மொத்த எடையின் நடுப்புள்ளி அச்சுக்கு 18 செண்டிமீட்டர் முன்னே இருத்தல் வேண்டும்.

இதனை அளப்பது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, உடல் எடை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கார்க் கொண்டியின் உயரத்தில் வண்டியின் மூக்கை அதன்மேல் வைக்க வேண்டும். தராசு காட்டுவதே முன்சுமை. குறைந்தால் படகை முன்னே தள்ளுக. 70 கிலோ எடையுள்ள படகை 10 செண்டிமீட்டர் நகர்த்தினால், முன்சுமை ஏறத்தாழ 3 கிலோ மாறும். படகு நிற்க வேண்டிய இடம் உறுதியானதும் அணியத்துக்கு முன்னே ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. கார் திடீரென நிற்கும்போது படகு முன்னே பாயவும் செய்யாது.

சாலையில் வண்டி ஆடத் தொடங்கினால், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை மாறி மாறித் திருப்புவதும் ஆட்டத்தை மிகுவிக்கும். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே குறையுமாறு விடுதலே தக்கது.

சக்கரமும் உப்புநீரும்

சிறு இழுவண்டிகளின் சக்கரம் சிறியது. 40 செண்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 800 முறை சுற்றும். 60 செண்டிமீட்டர் விட்டமுள்ள கார்ச் சக்கரமோ 530 முறையே சுற்றும். ஆகவே வண்டியின் பேரிங் காரினுடையதைவிட விரைந்து சுழன்று சூடேறுகிறது. கரையை அடைந்ததும் அச்சூட்டோடு வண்டியை நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அவ்விடத்துக்கு நீரை உள்ளே இழுக்கும். உப்புநீர் புகுந்த பேரிங் விரைவில் துருப்பிடித்து, ஒருநாள் நடுச்சாலையில் இறுகி நின்றுவிடும்.

இதற்குச் சிறந்த வழி, இரட்டை வண்டி முறையாகும். சாலையில் ஓடும் வண்டி ஒன்று. அதன்மேல் ஏறி அமரும் கைவண்டி ஒன்று. கரை சேர்ந்ததும் படகோடு கைவண்டியை மட்டும் இறக்கி நீருக்குள் தள்ளிச் செல்லலாம். கைவண்டியின் சக்கரத்தில் பேரிங் குண்டுகள் இல்லை. வெறும் குழலே உண்டு. எனவே நீர் அதற்குக் கேடு செய்யாது. மிர்ரர் போன்ற இலேசான படகுகளுக்கு இம்முறையே பெரிதும் ஏற்றது. ஒரே வண்டிதான் உண்டெனில், பேரிங் சூடு ஆறும்வரை காத்திருந்து இறக்குக. வீடு திரும்பியதும் நன்னீரால் கழுவுக. காலந்தோறும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்துப் புதிய கிரீஸ் இடுக.

பழைய வண்டி வாங்குவோர்க்கு

பழைய வண்டியை வாங்குமுன், சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். வெளியே பெயிண்டு பளபளக்க, உள்ளே துரு தின்றிருக்கும் குழாய்கள் உண்டு. அவை மந்தமான ஓசை தரும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கரகரவென்ற ஒலி எழக்கூடாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாத வண்டியின் டயரும் வெயிலில் வெடித்து மூப்படையும். தடம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறுதல் கூடாது.

கொண்டி காரின் உருண்டைக்குச் சரியான அளவினதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அது 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் வேறு அளவுகளும் உண்டு. கொண்டி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலி இருக்க வேண்டும். படகு வண்டியின் விளக்கை மறைத்துவிடுமாதலால், விளக்கும் எண் பலகையும் பொருத்திய கட்டையொன்றைப் பின்பலகையில் கட்டுவது வழக்கம்.

பிரிட்டனில் பிரேக் இல்லாத இழுவண்டியின் மொத்த எடை 750 கிலோவுக்கோ, இழுக்கும் காரின் எடையில் பாதிக்கோ, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்படக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு. பதிவு, பிரேக், விளக்கு, காப்புறுதி ஆகியவை பற்றிச் சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் அறிவுடைமை. இருக்கும் வண்டியை மாற்றியமைக்க விரும்புவோரும் அவ்வாறே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவாக, வண்டியின் வலிமை படகின் எடைக்கு அளவாக இருக்கட்டும். தாங்கல்கள் குறுக்குச் சுவர்களுக்குக் கீழே வரட்டும். எடை அச்சுக்குச் சற்று முன்னே விழட்டும். பேரிங் உப்புநீரைக் காணாதிருக்கட்டும். இந்நான்கையும் செய்து முடிக்க ஓர் அட்டை, ஒரு வாள், ஓர் உடல்தராசு, சில போல்ட்டுகள், இரண்டொரு நாள் உழைப்பு ஆகியவை போதும். படகு கட்டத் தெரிந்த கைகளுக்கு இது கடினமன்று.