உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸில் வயர்ஷார்க்

★ நெட்வொர்க்கில் வந்து போகும் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கின் முதல் பெயர் ஈதிரியல். அமெரிக்காவில் சிறிய இணைய சேவை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜெரால்டு கூம்ப்ஸ், விலைக்குக் கிடைத்த கருவிகள் கட்டுப்படியாகாததால் தானே எழுதி 1998இல் வெளியிட்டார்.

★ 2006இல் அவர் வேலை மாறினார். ஈதிரியல் என்ற வணிகப் பெயர் பழைய நிறுவனத்திடம் தங்கிவிட்டது. நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் அதை எடுத்துச் செல்லத் தடையில்லை. பெயரை மட்டும் மாற்றி வேலையைத் தொடர்ந்தார்.

★ உபுண்டு, டெபியனில் நிறுவ டெர்மினலில் ஒரே வரி: ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்ஷார்க்’. ஃபெடோராவில் ‘ஆப்ட்’ இருக்கும் இடத்தில் ‘டிஎன்எஃப்’.

★ உபுண்டுவில் நிறுவும்போது நடுவில் ஒரு கேள்வி வரும்: ரூட் அல்லாத பயனரும் பாக்கெட் பிடிக்கலாமா? முன்கூட்டியே தேர்வாகியிருப்பது ‘நோ’. படிக்காமல் என்டர் தட்டிவிட்டால், வயர்ஷார்க் திறக்கும். சாதாரணப் பயனருக்குப் பாக்கெட் பிடிக்க அனுமதி இருக்காது. அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை. ‘சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் வயர்ஷார்க்-காமன்’ என்று கொடுத்தால் அதே கேள்வி திரும்ப வரும்.

★ ‘யெஸ்’ சொன்னாலும் வேலை பாதிதான் முடிந்தது. ‘யூசர்மாட்’ கட்டளையால் உங்கள் பெயரை ‘வயர்ஷார்க்’ குழுவில் சேர்க்க வேண்டும். லாக் அவுட் செய்து மீண்டும் நுழைந்த பிறகே அது செல்லும்.

★ இத்தனை சுற்று எதற்கு, ‘சுடோ’ போட்டே திறந்துவிடலாமே? கூடாது. நூற்றுக்கணக்கான நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் பெரிய நிரல் இது. அதில் ஓட்டை இருந்தால், வேண்டுமென்றே திரித்து அனுப்பிய ஒரு பாக்கெட் ரூட் அதிகாரத்தோடு விளையாடிவிடும். அதனால்தான் பிடிக்கும் வேலை ‘டம்ப்கேப்’ என்ற சிறு நிரலிடம் தனியே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி அதற்கு மட்டும் போதும்.

★ திரையில்லாத சர்வரில் கைகொடுப்பது, 1988இல் பிறந்த ‘டிசிபிடம்ப்’. அங்கே பிடித்துக் கோப்பாகச் சேமித்து, உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து வயர்ஷார்க்கில் திறக்கலாம்.

★ ஃபில்டர் இரண்டு வகை. பிடிக்கும்முன் போடுவது ஒன்று; பிடித்ததில் தேடுவது இன்னொன்று. எழுதும் முறையும் வேறு. தேடல் பெட்டி பச்சையானால் இலக்கணம் சரி, சிவந்தால் பிழை.

★ எச்டிடிபிஎஸ் தளத்தில் நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு இதில் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும்.

★ அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு பிறர் நெட்வொர்க்கில் தரவு எடுத்தால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலேயே பழகுங்கள்; அலுவலகத்தில் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு தொடங்குங்கள்.