சாவி கொடுத்தவரைத்தான் சட்டம் கேட்கும்

“எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான் சார்.” பதினைந்து, பதினாறு வயதுப் பையன் வண்டியோடு பிடிபட்டால், காவல் நிலையத்துக்கு ஓடிவரும் அப்பா பெரும்பாலும் சொல்வது இதைத்தான். முன்பெல்லாம் சிறு அபராதமும் நாலு அறிவுரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். 2019 செப்டம்பர் 1 முதல் அந்தக் காலம் போய்விட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அன்று நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது.

இதைவிடக் கடுமையான ஒன்று அதே பிரிவுக்குள் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. பிள்ளை வண்டியை எடுத்தது உங்கள் சம்மதத்தோடுதான் என்று வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் விசாரணையையே தொடங்கும். தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டியதையெல்லாம் செய்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. டி.வி.க்குப் பக்கத்து ஆணியில் சாவி எந்நேரமும் தொங்குகிறது. டியூஷனுக்கு லேட் என்று சொல்லி வாரத்தில் நாலு நாள் பிள்ளை அதை எடுத்துப் போவதைத் தெருவே பார்க்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் ஸ்கூட்டர் அம்மா பெயரில் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு வந்த அக்கா மகனிடம் “ஒரு ரவுண்டு போயிட்டு வாடா” என்று சாவியைத் தூக்கிப் போடும் தாய்மாமனும் உரிமையாளர் என்ற முறையில் மாட்டிக்கொள்வார். பாசத்துக்குச் சட்டத்தில் விலக்கு கிடையாது.

“பதினாறு வயசுலயே லைசென்ஸ் தர்றாங்களே?” என்பார்கள். தருகிறார்கள், பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு. ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று வீதியில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. கிராமத்தில் மூட்டை ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்லே 100 சிசி. ஆகவே அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும் வண்டியை எடுக்க முடியாது. பேட்டரி வண்டி விஷயத்திலும் இதே மயக்கம். 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவற்றுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. அறுபது, எழுபதில் பறக்கும் மின் ஸ்கூட்டர் சட்டத்தின் கண்ணில் முழு மோட்டார் வாகனம்.

பண நஷ்டம் சிறைத்தண்டனையைவிட நீண்ட காலம் துரத்தும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி மோதினால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரன் சிங் வழக்கில் இதற்கான நெறிகளை வகுத்தது. சம்பாதிக்கும் ஒருவர் இறந்துபோனால் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும்.

சரி, பதினெட்டு நிரம்பிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டும் போட்டாகிவிட்டது. இனி என்ன? பெற்றோர்கள் கைகழுவிவிடும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். காலி மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவனுக்கு மழை நாளில் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் நெடுஞ்சாலை தெரியாது. சட்டம் விட்ட இடத்தைக் குடும்பம்தான் நிரப்ப வேண்டும்.

அதை எல்.எல்.ஆர். கட்டத்திலேயே தொடங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்தே லைசென்ஸுக்குப் போகலாம். அவசரப்படாமல் அந்த ஆறு மாதத்தையும் பயன்படுத்துங்கள். வெள்ளையில் சிவப்பு ‘எல்’ முன்னும் பின்னும் இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு நண்பனைப் பின்னால் ஏற்றுவது குற்றம்.

லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்காவது டபுள்ஸ் வேண்டாம் என்பதை வீட்டின் முதல் விதியாக வையுங்கள். இளைஞர்களின் வேகத்துக்கு வண்டியைவிடப் பின்னால் உட்கார்ந்து “முறுக்குடா” என்பவன்தான் காரணம். ட்ரிபிள்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் முடங்கும். இரவு எட்டரைக்கு மேலும் பைபாஸிலும் தனியாக ஓட்டுவது அடுத்த ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போகட்டும். போன் சீட்டுக்கு அடியில் போகட்டும். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் போதாது, கிளிப் போட்ட சத்தம் கேட்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். அழகுக்காகக் கழற்றிய கண்ணாடிகளைத் திரும்ப மாட்டாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பெட்ரோல் யார் போடுவது, அபராதம் வந்தால் யார் கட்டுவது, விதியை மீறினால் சாவி எத்தனை நாள் அம்மாவிடம் இருக்கும் என்பதும் அதில் இருக்கட்டும். அபராதத்தைப் பிள்ளையின் கைச்செலவுப் பணத்தில் பிடிப்பதே நல்லது. நண்பன் குடித்திருந்தாலோ தானே தடுமாறினாலோ எந்நேரமும் வீட்டுக்குப் போன் செய்யலாம், யாராவது வந்து அழைத்துப் போவார்கள், திட்டு மறுநாள் காலையில்தான் என்ற உறுதியும் வேண்டும். இது பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய விதி; மற்றவற்றைவிடக் கஷ்டமானதும் இதுதான். அதே தாளில் அப்பாவுக்கும் ஒரு வரி உண்டு. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஓட்டும் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கற்றிருக்கும்?

இன்னொன்று. மகளுக்கு ஏழு மணி, மகனுக்குக் கணக்கே இல்லை என்பது பல வீடுகளின் வழக்கம். சாலை ஆண் பெண் பார்ப்பதில்லை. ஒரே தாள் இருவருக்கும் போதும்.

பதினெட்டுக்கு முந்தைய பிள்ளைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிப்போருக்கு மிதிவண்டியே தருகிறார்கள்.

எல்லாம் மீறி விபத்து நடந்துவிட்டால் முதல் வேலை 108. அடிபட்டவரை விட்டு ஓடுவது சிறிய வழக்கைப் பெரிதாக்கும். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். “நான்தான் ஓட்டினேன்” என்று அப்பா முன்வருவது தியாகம் அல்ல, இன்னொரு குற்றம். 2024 மே மாதம் புனேவில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்தபோது, சிறுவனின் தந்தை மட்டுமா கைதானார்? பழியை ஏற்கச் சொல்லி வீட்டு டிரைவரை மிரட்டியதாகத் தாத்தாவும், ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும் கைதானார்கள்.

அதே வேளை பிள்ளைக்கும் உரிமைகள் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். குழந்தைகளுக்குச் சட்ட உதவி இலவசம். தேசிய சட்ட உதவி எண் 15100, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.